கெபியில ஒரு இரும்புப் பெட்டி

மார்ச் 17, செவ்வாய்

இல்ல, நான் தெரியாமத்தான் கேக்குறேன் அந்தோணியாரே, ஊருல அம்புட்டுப் பேரு இருக்கையில சிஸ்டருக்கு என் வாயிதான் கெடச்சுச்சா? "இன்னாசியம்மா, நீங்க பேசுனா கல்லும் எந்திரிச்சு உக்காந்து கேக்கும், நீங்கதான் வீடு வீடாப் போகணும்"னு சொல்லி இந்த டைரியக் கையில திணிச்சுட்டாக. போன வீடு, பாத்த ஆளு, அவுக சொன்ன பதிலு, எல்லாம் தேதி போட்டு எழுதணுமாம். நான் படிச்சது எட்டாப்பு. பேனா புடிச்சு முப்பத்தஞ்சு வருசமாச்சு. சிஸ்டருக்குன்னு எழுதுனா பேனா நகரல, உமக்குன்னு எழுதுனா ஓடுது. அதனால உமக்கே எழுதுறேன். கடைசியில அவுக வாசிச்சா வாசிச்சுக்கிடட்டும்.

விசயம் இதுதான். சிஸ்டர் லியோனி டவுன்ல பொம்பளப் புள்ளைகளுக்கு வெல்டிங்கு, கரண்டு வேலை, குழாய் வேலை சொல்லிக்குடுக்குற சென்டர் நடத்துறாக. ஆறு மாசம். சாப்பாடு, ஹாஸ்டல் எல்லாம் இலவசம். மொத பேட்ச்சுல ஏழு பேரு படிச்சு முடிச்சாச்சு. அதுல ஒருத்தி எங்க ஜெனோவா, செத்துப்போன என் தம்பி சேசுராசு மக. தாயும் இல்ல, தகப்பனும் இல்ல, ஒம்பது வயசுலருந்து எங்கிட்டத்தான் வளர்றா. ரெண்டாவது பேட்ச்சுக்குப் பன்னெண்டு புள்ளைக சேரணும். சேரலன்னா சென்டர மூடிருவாகளாம்.

இன்னைக்கு உம்ம மொதச் செவ்வா. பதிமூணு செவ்வாயும் ஒரு வேளை சாப்பாட்டோட ஒருச்சந்தி இருக்கேன்னு நேந்துருக்கேன். வேண்டுதல் என்னன்னா, ஜெனோவுக்கு நல்ல எடம் அமையணும். காரைக்குடிக்கு அங்கிட்டுப் போகாம அமையணும். இதச் சீட்டுலயும் எழுதி, கெபிக் குகையில உம்ம சிலைக்கு முன்னாடி இருக்குற பெட்டியில போட்டாச்சு. அந்த மரப்பெட்டிய வேற கரையான் அரிச்சுருக்கு, என் சீட்டு உமக்கு வருமுன்ன அதுக்குப் போயிருமோ என்னமோ.

மார்ச் 24, செவ்வாய்

புதுப் பெட்டி வந்துருச்சு. ஜெனோ செஞ்சது. இரும்புத் தகடு, மேல சின்னச் சிலுவை, முன்னாடி சீட்டுப் போடுற வாயி, பின்னாடி பூட்டுப் போட்ட கதவு. ஓரம் ஒட்டுன எடத்தத் தடவிப் பாத்தேன். சடை பின்னுன மாதிரி ஒரே அளவுல ஓடுது. பாதர் கெபியில வச்சு மந்திரிச்சாரு. "பூசாரி வீட்டுப் பெட்டகம் மாதிரியில்ல இருக்கு"ன்னு சிரிச்சாரு.

இனி பதிமூணாஞ் செவ்வா வரைக்கும் விழுற சீட்டெல்லாம் இதுக்குள்ளதான். அன்னைக்குப் பூசை முடிஞ்சு மொத்தத்தையும் உமக்கு முன்னாடி எரிச்சு, புகையா உம்மகிட்ட அனுப்புவோம்.

பூசை முடிஞ்சு நான் செவமாலை சொல்லிக்கிட்டு இருக்கையில ஜெனோ வந்து கையில என்னத்தையோ வச்சு, "பத்திரம் அத்த"ன்னா. நடு மணியில இருந்தேன். பைக்குள்ள போட்டுட்டு அருள்நிறைந்த மரியே சொன்னேன்.

மார்ச் 28, சனி

வெள்ளத்தாயி வீடு. மக கவுசல்யா, பன்னெண்டாப்பு முடிச்சுட்டு சும்மா இருக்கா. வெள்ளத்தாயி பூண்டு உரிச்சுக்கிட்டே பேசுனா, மூஞ்சிய நிமிரல.

"யக்கா, பொம்பளப் புள்ள நெருப்புல வேலை செஞ்சு கை கருத்துப் போனா எவன் கட்டுவான்?"

"ஏன், ஒன் மக அடுப்புல வேலை செஞ்சா கை செவக்குமாக்கும்?"

கவுசல்யா உள்ளருந்து சிரிச்சா. வெள்ளத்தாயி பூண்டத் தூக்கி அங்கிட்டு எறிஞ்சா.

"சும்மா இரு நீயி. யக்கா, ஒன் தம்பி எப்புடிச் செத்தாருன்னு ஊருக்கே தெரியும். நீ வந்து இதச் சொல்லலாமா?"

செதறுன பூண்டப் பொறுக்கிக் குடுத்தேன். அப்பறம் ஜெனோ சொல்றத அப்படியே சொன்னேன். "சேசுராசு மழத் தண்ணியில வெறுங்காலோட நின்னு வெல்டிங் வச்சான். புதுச் செருப்பு, நனஞ்சிரும்னு கழட்டித் திண்டு மேல வச்சுட்டு நின்னான், கரண்டு அடிச்சிருச்சு. அவனுக்குச் சொல்லிக்குடுக்க ஆளில்ல. இந்தப் புள்ளைகளுக்கு பூட்ஸு இருக்கு, கையுறை இருக்கு, ஈரத்துல நிக்காதன்னு மொத நாளே சொல்லிக்குடுக்காக. படிக்காமச் செஞ்சவன்தான் செத்தான், படிச்சுச் செய்யிறவ சாக மாட்டா."

வெள்ளத்தாயி திரும்பப் பூண்டு உரிக்க ஆரம்பிச்சா. யோசிச்சுச் சொல்றேன்னா. பதில்: யோசிக்கிறாக.

வீட்டுக்கு வந்து சோறு எறங்கல. அன்னைக்கு அவனுக்கு மத்தியானச் சோறு கொண்டு போனது நாந்தான். செருப்பு காஞ்சுதான் இருந்துச்சு.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை. முட்டி வலி. பதினாலு தலத்துக்கும் முட்டி போட்டேன். யாரையும் பாக்கப் போகல.

ஏப்ரல் 22, புதன்

ஜெனோ ஓசூருக்குப் பரீட்சைக்குப் போயிட்டு இன்னைக்குக் காலையில வந்து எறங்குனா. சென்டர்ல இருந்து மூணு பேரக் கூட்டிட்டுப் போனாக சிஸ்டர். பெரிய கம்பெனியாம். ரெண்டு வருசம் பயிற்சி, அங்கனயே தங்கணும், முடிஞ்சதும் வேலை. ரெண்டு இரும்ப ஒட்டிக் காட்டச் சொன்னாகளாம். கம்பெனித் தொப்பி ஒண்ணு குடுத்து விட்டுருக்காக, செவப்புச் சக்கரம் போட்டது. வீட்டுக்குள்ளயே போட்டுக்கிட்டுத் திரியிறா. தோசை சுடுறப்பவும் போட்டுருந்தா.

"ஓசூரு எங்கிட்டுத்தா இருக்கு?"

"பெங்களூருக்குப் பக்கத்துல அத்த."

"அம்புட்டுத் தூரமா?"

"ஒரு ராத்திரி பஸ்ஸு. நீ கண்ண மூடித் தூங்குனா வந்துரும்."

"எனக்கு எங்க தூக்கம் வருது."

"அப்பச் செவமாலை சொல்லிக்கிட்டு வா. பத்துத் தடவ அம்பத்து மூணு மணி சொன்னா ஓசூரு."

தேறுனவுகளுக்கு மட்டும் வீட்டுக்குத் தபாலு வருமாம். தேறாதவுகளுக்கு ஒண்ணும் வராதாம். நாப்பது பேருல எட்டுப் பேரத்தான் எடுப்பாகளாம். எட்டுன்னா கஷ்டந்தான், இல்லையா?

மே 5, செவ்வாய்

எட்டாஞ் செவ்வா. ஒம்பது புள்ளைக சேந்தாச்சு. மேலத்தெருவுல மூணு வீடு, சவேரியார்புரத்துல ரெண்டு. எல்லா வீட்டுலயும் ஜெனோ செஞ்ச பெட்டியப் பத்திச் சொல்றேன். போயிப் பாத்துட்டு வாங்கன்னு சொல்றேன். தகப்பன்மாரே வந்து தட்டிப் பாத்துட்டுப் போறாக.

வெள்ளத்தாயி கெபியில மெழுகுதிரி ஏத்த வந்தா. இந்துவா இருந்தாலும் உமக்குச் செவ்வா தவறாம வருவா. என்னயப் பாத்துக் கேட்டா, "யக்கா, எல்லார் வீட்டுப் புள்ளையையும் அனுப்பச் சொல்றியே, ஒன் தம்பி மகள ஓசூருக்கு அனுப்பிருவியா?"

"தபால் வந்தா அனுப்புவேன், என்ன"ன்னேன்.

உமக்கு முன்னாடி நின்னுதான் சொன்னேன்.

மே 18, திங்கள்

தபால்காரரு வந்தாரு. கையெழுத்துக் கேட்டாரு, போட்டேன். இட்லிக்கு மாவு அரைச்சேன். உளுந்து சரியாப் பொங்கல.

மே 19, செவ்வாய்

பத்தாஞ் செவ்வா. சீட்டுப் போட்டேன். இன்னைக்குச் சீட்டுக் கொஞ்சம் தடிமன். பெட்டி வாயில நுழையல. ரெண்டா மடிச்சு, நாலா மடிச்சு, மெழுகுதிரிக் கட்டைய வச்சு உள்ள தள்ளுனேன். மேல என் பேர எழுதித்தான் போட்டேன். பேரு போடாத சீட்டு யாரு வேண்டுதல்னு உமக்கு எப்படித் தெரியும்?

நீரு காணாமப் போனதக் கண்டுபுடிச்சுக் குடுக்குறவரு. ஆட்டுக்குட்டி காணோம்னாலும் உம்மகிட்டத்தான் வருவாக, தோடு காணோம்னாலும் உம்மகிட்டத்தான். உமக்கு இஷ்டம்னா எதையும் எடுத்து உரியவுக கையில குடுத்துருவீரு. இஷ்டமில்லன்னா வச்சுக்கிருவீரு. இதுல நான் பண்ணுறதுக்கு என்ன இருக்கு? ஒப்புக்குடுத்தாச்சு.

இரும்பு வெயிலுல காஞ்சு கை சுட்டுருச்சு.

மே 23, சனி

கூடப் பரீட்சை எழுதுன ரெண்டு புள்ளைகளுக்கும் தபால் வந்துருச்சாம். ஜெனோ டவுன்ல இரும்புக் கேட்டு செய்யிற பட்டறையில வேலை பாக்குறால்ல, அங்கருந்து சைக்கிள்ல பறந்து வந்தா. வாசல்லயே நின்னு கேட்டா.

"அத்த, தபால் எதும் வந்துச்சா?"

"தபால்காரர நான் எங்கத்தா பாத்தேன். நாந்தான் தெனமும் வீடு வீடா அலையிறேனே."

வரலன்னு நான் சொல்லல. இதப் பொய்யின்னு எழுதுவீரா அந்தோணியாரே? வாசிச்சுப் பாரும், வரலன்னு நான் சொல்லவே இல்ல.

தண்ணி குடிச்சுட்டுத் திரும்பிப் போனா. தபாலாபீஸ்ல கேட்டுருப்பாளோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கேக்கல. "எனக்குன்னா வீட்டுக்கு வந்துருக்கும்"னுட்டா.

மே 26, செவ்வாய்

பதினொண்ணாஞ் செவ்வா. பட்டறையில மத்தவுக போனதுக்கப்பறமும் நின்னு ஒட்டிக்கிட்டே இருக்காளாம். வீட்டுக்குப் பை நெறைய இரும்புத் துண்டு கொண்டு வந்து வாசல்ல போட்டு, சுத்தியலால அடிச்சு ஒடைச்சு ஒடைச்சுப் பாக்குறா.

"என்னத்தா பாக்குற? நல்லாத்தான இருக்கு."

"மேல நல்லா இருக்கும் அத்த. உள்ள காத்துப் புடிச்சுப் பொத்தலா இருக்கும். வெளிய பாத்தாத் தெரியாது. அவுக அறுத்துப் பாத்துருப்பாக, எனக்கு உள்ள பொத்தல் இருந்துருக்கு."

"ஒனக்கு ஒரு பொத்தலும் இல்ல."

"ஒனக்கென்ன தெரியும், நீ அத்த. நீ அப்படித்தான் சொல்லுவ."

தொப்பிய அலமாரிக்கு மேல வச்சுட்டா. சிஸ்டர் போன்ல, "கம்பெனிக்குக் கேட்டுப் பாக்கவா"ன்னாக. "வேண்டாம் சிஸ்டர். தேறாதவுகளுக்கு வராதுன்னு சொல்லித்தான அனுப்புனாக. கேட்டா இன்னும் அசிங்கம்"னுட்டா.

சொல்லிருக்கலாம். வாயத் தொறந்தேன். "புளிக்கொழம்பு வைக்கவா"ன்னுதான் வந்துச்சு. ஊரெல்லாம் பேசுற வாயி.

மே 29, வெள்ளி

மத்தியானம் கெபியில ஆளில்லாத நேரம் பாத்துப் போனேன். பெட்டி வாயில வெரல விட்டேன். ரெண்டு வெரலுக்கு மேல போகல. வெளக்கமாத்துல ஈர்க்கு உருவிட்டுப் போயிருந்தேன், அத விட்டுக் கிண்டுனேன். பத்துப் பன்னெண்டு சீட்டு அந்தாண்ட இந்தாண்ட போச்சே ஒழிய, அது வரல. பழுப்புக் கவரு. ஓரத்துல செவப்புச் சக்கரம். இங்கிலீஷு எனக்குத் தெரியாது, உள்ள என்ன எழுதிருந்துச்சுன்னு சத்தியமாத் தெரியாது. சக்கரம் தெரியும்.

பெட்டிச் சாவி பாதர்கிட்ட. பாதரு தியானத்துக்குப் போயிட்டாரு, ஞாயித்துக்கெழமை பூசைக்கு வேற சாமியார் வருவாரு, இவரு ஏழாந்தேதிதான் வர்றாரு. நான் என்ன செய்ய? தொறக்க வழியிருந்தா இந்நேரம் எடுத்துக் கையில குடுத்துருப்பேன். இத நீரு நம்பணும்.

ஜெனோ அவ்வளவு இறுக்கமாச் செஞ்சுருக்கா அந்தப் பெட்டிய. ஒரு பொத்தல் இல்ல.

ஜூன் 2, செவ்வாய்

வெள்ளத்தாயி தானா வந்தா, கவுசல்யாவ முன்னாடி தள்ளிக்கிட்டு.

"எழுதிக்கக்கா இவ பேர. ரெண்டு மாசமாக் கரைச்சல் தாங்கல. வீட்டுல ஃபேனக் கழட்டி மாட்டுறா, மிக்சியக் கழட்டி மாட்டுறா. மாட்டும்போது ஒரு திருகாணி மிச்சமாகுது. அத எங்க போடுறதுன்னாவது படிச்சுட்டு வரட்டும்."

பன்னெண்டு புள்ளைக ஆயிருச்சு. சிஸ்டர் போன்லயே அழுதுட்டாக. "எல்லாம் உங்க வாய்தான் இன்னாசியம்மா, உங்களுக்குப் பெரிய புண்ணியம்"னாக.

போன வச்சுட்டுக் கொஞ்ச நேரம் கோழிக்கு அரிசி போட்டுக்கிட்டு நின்னேன்.

ஜூன் 4, வியாழன்

அந்த ரெண்டு புள்ளைகளும் ஓசூருக்குப் பஸ் ஏறுனாக. நாளைக்குச் சேருறதுக்குக் கடைசி நாளாம். ஜெனோ வழியனுப்பப் போனா. ஒருத்திக்கு ட்ரங்குப் பெட்டிக் கொண்டி ஒடைஞ்சிருந்துச்சாம், இவதான் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயி ஒட்டிக் குடுத்துருக்கா.

வந்து எங்கிட்டச் சொன்னா. "நல்ல புள்ளைக அத்த. என்ன, அவுக வெல்டிங் தையலு என்னோடத விடக் கோணலாத்தான் இருக்கும். நான் நெனச்சுக்கிட்டேன், எனக்குத்தான் நல்லா வருதுன்னு."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஒடம்பு சரியில்லன்னு நான் படுத்துட்டேன். தைலம் தேச்சு விட்டா.

ஜூன் 9, செவ்வாய்

பதிமூணாஞ் செவ்வா.

பூசைக்கு நல்ல கூட்டம். வெளிச்சம் இருக்கையிலேயே கெபிக்கு முன்னாடி சுள்ளி அடுக்கியாச்சு. பாதரு பெட்டிப் பூட்டத் தொறந்தாரு, கதவு இறுகிக்கிருச்சு, வரல. "செஞ்சவ எங்கம்மா"ன்னு கூப்புட்டாரு. ஜெனோ போனா. கீழ ஒரு தட்டு, மேல ஒரு தட்டு, தொறந்துருச்சு. தாம்பாளத்த நான் புடிச்சுருந்தேன். பெட்டியச் சாய்ச்சா. சீட்டெல்லாம் பொலபொலன்னு விழுந்துச்சு. கடைசியில அது விழுந்துச்சு, மேல.

நான் தாம்பாளத்த ஆட்டுனேன். உள்ள போயிரும்னு. போகல.

ஜெனோ எடுத்தா. சக்கரத்தப் பாத்தா. அவ பேரப் பாத்தா. அதுக்கு மேல என் எழுத்து, 'அந்தோணியாரே உமக்கே, இன்னாசியம்மாள்'னு. கவரு ஒட்டுனது ஒட்டுன மாதிரியே இருந்துச்சு. கிழிச்சு, நின்ன வாக்குல வாசிச்சா. நீளமா இல்ல. ஆனா ரெண்டு தடவ வாசிச்சா. வாசிக்கையில அவ மூஞ்சி ஒரு நிமிசம் சின்னப்புள்ளையில கோயில்ல மொத நன்மை அப்பம் வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரி ஆயிருச்சு. தேறிட்டேன்னு அப்பத்தான தெரியுது அவளுக்கு. அப்பறம் சேருற தேதியப் பாத்தா போல.

"என்னம்மா அது?"ன்னாரு பாதரு.

"ஒண்ணுமில்ல பாதர். யாரோ பெரிய வேண்டுதலா எழுதிருக்காக."

மடிச்சு அவளே நெருப்புல போட்டா. எல்லாரும் மன்றாட்டு மாலை பாடுனாக. நானும் வாயசைச்சேன். காத்து திரும்பி நெருப்பு என் பக்கம் வந்துச்சு. ஜெனோ என் கையப் புடிச்சு இழுத்தா.

"சூடா இருக்கு அத்த. தள்ளி நில்லுங்க."

ஒம்பது வயசுலருந்து என்னய நீன்னுதான் சொல்லுவா.

ஜூன் 10, புதன்

சிஸ்டர்கிட்ட சும்மா கேக்குற மாதிரி கேட்டேன், அந்தக் கம்பெனி அடுத்த வருசமும் எடுக்குமான்னு. எடுக்குமாம், இருபத்தொரு வயசு வரைக்கும். ஜெனோவுக்கு அக்டோபர்ல இருபத்திரெண்டு.

ஜூன் 12, வெள்ளி

ஜெனோ துணி அடுக்குறா. புதுப் புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்க ஒராளு வேணும்னு சிஸ்டர் கேட்டாகளாம், ஹாஸ்டல்ல தங்கப் போறேன்னா. பஸ்ஸுல முக்கா மணி நேரம்தான் டவுனு. தெனமும் போயிட்டு வரலாம். நான் அதச் சொல்லல.

"ஜெனோ, நான் வந்து, அன்னைக்கு..."

"மாத்திரை போட்டீங்களா அத்த?"

"போட்டேன்."

"கிரைண்டருக்கு அடியில ரப்பரு வாங்கிப் போட்டுருக்கேன். அதுல ஏறி நின்னுதான் சுவிட்சப் போடணும். ஈரக் கையோட தொடாதீங்க. செருப்பக் கழட்டாதீங்க."

"ஞாயித்துக்கெழமை வருவியா?"

"பாக்குறேன்."

வெள்ளத்தாயியோட கவுசல்யா வந்தா, ஜெனோகூட ஒண்ணாப் போறதுக்கு. வாசல்லருந்தே, "ஜெனோக்கா, ஓசூர்த் தொப்பி சும்மாதான இருக்கு, நான் போட்டுக்கிடவா"ன்னு கேட்டா, வெவரம் தெரியாத புள்ள. ஜெனோ ஸ்டூலு மேல ஏறி எடுத்தா. தூசியத் தட்டி அவ தலையில வச்சு, பின்னாடி வார இறுக்கி விட்டா. "அடுத்த வருசம் ஒனக்கும் தபால் வரும். ஒங்கம்மாட்டச் சொல்லி வையி"ன்னா. வெள்ளத்தாயி சிரிச்சுக்கிட்டே, "வந்தா அன்னைக்கே கையில குடுத்துருவேன்"னா.

முக்கு திரும்புற வரைக்கும் நின்னேன். கவுசல்யாதான் திரும்பிப் பாத்துக் கையாட்டுனா.

ஜூன் 13, சனி

உம்ம திருநாளு. சப்பரம் வந்துச்சு. பொரி போட்டேன், முட்டி போட்டேன். ஜெனோ வரல. சென்டர்ல புதுப் புள்ளைகளுக்கு இன்னைக்கு மொத நாளாம்.

சாயந்தரம் சிஸ்டர் வந்து இந்த டைரியக் கேட்பாக. நடுவுல கொஞ்சம் தாளக் கிழிச்சுட்டுக் குடுக்கலாம்னு உக்காந்தேன். எந்தத் தாளக் கிழிக்கன்னு பாத்தா, எல்லாத்துலயும் அவதான் இருக்கா. கிழிக்கல. வாசிக்கட்டும்.

நான் கேட்டத நீரு குடுத்துட்டீரு அந்தோணியாரே. காரைக்குடிக்கு அங்கிட்டுப் போகல.

சிஸ்டர் வர்ற வரைக்கும் ஒரு அம்பத்து மூணு மணி சொல்லலாம்னு செவமாலைப் பைய எடுத்தேன். மாலைய உருவுனா, கூடவே ஒண்ணு வந்து மடியில விழுந்துச்சு. சின்னதா, புதுசு மாறாம. இத்தன நாளும் வெரல்ல தட்டிக்கிட்டேதான் இருந்துருக்கு, மாலையில தொங்குற ஏதோ சுரூபம்னு தள்ளி விட்டுருக்கேன். இப்பத்தான் ஞாபகம் வருது. அந்தப் பெட்டிக்கு ஜெனோ ரெண்டு சாவி வச்சா. ஒண்ணு பாதருக்கு. இன்னொண்ணு, தெனமும் கெபிக்குப் போறவ நீதான அத்தன்னு எனக்கு.